விலைக்கு வாங்கிய பிராஜெக்ட் பறக்காது!

(கடற்கரை ஊர் ஒன்றில் மாணவர்களுக்காகவும் வணிகர்களுக்காகவும் நடைபெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

"விமானம், ராக்கெட் துறையில் பொறியாளராக விரும்பும் மாணவன் கல்லூரிக் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?" என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. மதரஸாவில் ஓதிய ஒருவருக்கு விமானத்தின் இறக்கையைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறுக்கு என் லாத்தாவின் குடும்பம் விலை கொடுத்தது. அதற்குப் பிறகுதான் தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தேன். கேட்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது இதுதான். என் லாத்தாவின் மகன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தான். அவனுடைய வாப்பா, அதாவது என் மச்சான், சிறிய அளவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். "பையன் ஏரோநாட்டிக்கல் படிக்க வேண்டும் என்கிறான், என்ன செய்யலாம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்தப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மேடையில் பேசிப் பழகியவனுக்குத் தெரியாது என்று சொல்ல நா எழுவதில்லை. "விமானப் படிப்பு பெரிய படிப்பு மச்சான், தைரியமாகச் சேருங்கள்" என்றேன். ஒரு தனியார் கல்லூரியின் வண்ண விளம்பரத்தில் விமானத்தின் முன்னால் மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அதைப் பார்த்துச் சேர்த்தோம். லாத்தாவின் நகை போனது. கடையின் முதலில் ஒரு பகுதியும் போனது.

நான்கு ஆண்டுகள் ஓடின. பையன் தேறினான், பட்டம் வாங்கினான். பெங்களூரில் ஒரு நிறுவனத்திற்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். கேள்வி கேட்டவர் அவனுடைய இறுதியாண்டு பிராஜெக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இறக்கைக்கு இந்த வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இவனுக்குப் பதில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தப் பிராஜெக்ட்டை அவன் செய்யவே இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கடையில் வாங்கியிருக்கிறான்! "வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் மாமா வாங்கினார்கள்" என்றான். பிறகு அவன் சொன்ன வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மாமா, சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு. தொழில்தான் இல்லை."

சகோதரர்களே! நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். சர்டிபிகேட்டைக் கல்லூரி தரும். தொழிலை, அந்த நான்கு ஆண்டுகளில் மாணவன் தன் கையால்தான் சம்பாதிக்க வேண்டும்.

மூன்று படிப்பு, மூன்று வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்களில் "விமானப் படிப்பு" என்று ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு படிப்புகளைச் சொல்கிறார்கள்.

விமானம் ஓட்டுவது ஒன்று. அதற்கு பி.இ. பட்டம் தேவையில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் வணிக விமானி உரிமம் தேவை. அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும் பணம் செலவாகும் வழி அது.

விமானத்தைப் பராமரிப்பது இரண்டாவது. விமானம் கிளம்புவதற்கு முன் அதைச் சோதித்து, "இது பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடுகிறவரே விமானப் பராமரிப்புப் பொறியாளர். அந்தக் கையெழுத்துக்கும் உரிமம் வேண்டும். இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி பெற்று, பாடம் பாடமாகத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

விமானத்தையும் ராக்கெட்டையும் கணக்குப் போட்டு வடிவமைப்பதும், செய்வதும், சோதிப்பதும் மூன்றாவது. ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் பொறியியல் என்பது இதுதான்.

"ஏரோநாட்டிக்கல் முடித்தால் துபாயில் விமானக் கம்பெனியில் பராமரிப்பு வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பிள்ளை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள்! பராமரித்துக் கையெழுத்துப் போட அங்கும் உரிமம்தான் கேட்பார்கள். பி.இ. பட்டம் அந்த உரிமம் ஆகாது. பணம் கட்டுவதற்கு முன், இது எந்த வேலைக்கான படிப்பு என்று வாப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கேளுங்கள். நானும் என் மச்சானும் கேட்காமல் விட்ட கேள்வி அது.

பட்டத்தின் பெயர் மட்டும் போதாது

இன்னொரு தவறான எண்ணம், ராக்கெட் செய்ய ஏரோநாட்டிக்கல் படித்தால்தான் முடியும் என்பது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அவர்களை நீங்கள் அறிவீர்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தின் இயக்குநர். அவர் படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில், மின்னணுவியலும் தகவல் தொடர்பும். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் படித்த முஸ்லிம் பெண், 1987இல் இஸ்ரோவில் சேர்ந்து படிப்படியாக அந்தப் பொறுப்புக்கு உயர்ந்தார். "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு?" என்று கேட்கிற வாப்பாமார்கள் அவருடைய பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அவருடைய தொடக்கம் ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ! அதற்குப் பிறகுதான் பொறியியல் பட்டம், மேல்பட்டம், ஆராய்ச்சிப் பட்டம் எல்லாம்.

இஸ்ரோ பொறியாளர்களைப் பொதுவாகத் தேர்வு செய்யும்போது மின்னணுவியல், இயந்திரவியல், கணினி ஆகிய பிரிவுகளில்தான் அதிக இடங்கள் வருகின்றன. ஆகவே ஏரோநாட்டிக்கல் இடம் கிடைக்கவில்லையே என்று அழ வேண்டாம். கிடைத்தவர்கள் இடம் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று உறங்கவும் வேண்டாம்.

மூன்று நாட்கள்

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைக் கடக்க முடியாது. குடியரசுத் தலைவரான கலாமைப் பற்றி நான் பேசப் போவதில்லை. குரோம்பேட்டை மாணவன் கலாமைப் பற்றிப் பேசுகிறேன்.

இராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகுதான், தனக்குப் பொறியியல் வேண்டும் என்று உணர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். நம் வீட்டுப் பெண்களின் நகையில் எத்தனை படிப்புகள் நிற்கின்றன!

எம்.ஐ.டி.யில் மாணவர்கள் பார்ப்பதற்காகப் பறக்காத பழைய விமானங்கள் இரண்டு இருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அந்த விமானங்களின் அருகே உட்கார்ந்திருப்பாராம். இறுதி ஆண்டில் நான்கு தோழர்களோடு சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. வேலை பின்தங்கிவிட்டது. இயக்குநரான பேராசிரியர் சீனிவாசன் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்றே நாட்கள்! திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரிக்கை. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் படிப்பே இல்லை. இரவு உணவையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன் நின்று முடித்தார்.

இளைஞர்களே, சற்றே சிந்தியுங்கள்! அந்த மூன்று நாட்களில் அவரும் ஒரு பிராஜெக்ட்டை விலைக்கு வாங்கியிருந்தால், பின்னாளில் எஸ்.எல்.வி.-3 என்ன ஆகியிருக்கும்? 1979 ஆகஸ்ட் 10 அன்று அந்த ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஏன் விழுந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தார்கள். தன் கையால் செய்தவனுக்குத்தான் எங்கே தவறியது என்று தேடத் தெரியும். வாங்கியவன் என்ன செய்வான்? கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போவான்!

நான்கு ஆண்டுக் கணக்கு

சரி, என்னதான் செய்ய வேண்டும்? துறையில் இருப்பவர்கள் எனக்குச் சொன்னதை ஆண்டுவாரியாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாம் ஆண்டு: கணக்கு, இயக்கவியல், பொறியியல் வரைபடம். இந்த மூன்றும் அடித்தளம். நுண்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்தவனுக்குப் பின்னால் வருகிற எந்தப் பாடமும் புரியாது. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது இலவசம். அரியர் வைக்காதீர்கள். இஸ்ரோவின் பொறியாளர் பணி அறிவிப்புகளில் குறைந்தது 65 விழுக்காடு அல்லது 10க்கு 6.84 என்று கேட்டு வந்திருக்கிறார்கள். முதல் ஆண்டு விளையாட்டாகக் கோட்டைவிட்ட மதிப்பெண், நான்காம் ஆண்டில் விண்ணப்பமே போட முடியாமல் செய்துவிடும்.

இரண்டாம் ஆண்டு: பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருட்களின் வலிமை ஆகிய பாடங்கள் வரும். கல்லூரியில் ஆசிரியர் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிராதீர்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் இதே பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம். திறன்பேசியில் இரவு இரண்டு மணி வரை கண் விழிக்கத் தெரிந்த வாலிபனுக்கு, இதற்கு ஒரு மணி நேரம் இல்லையா?

இதே ஆண்டில் கையால் ஒரு மாதிரி விமானம் செய்யுங்கள். பால்சா மரத்தில் செய்யலாம், தெர்மோகோலிலும் செய்யலாம். முதல் விமானம் விழும், விழட்டும்! வால் பக்கம் எடை கூடினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய், வேகம் இழந்து விழும். மூக்கில் ஒரு ஈயத் துண்டை வைத்தால் நேராகப் போகும். நம் ஊரில் வள்ளத்துக்குச் சரக்கு ஏற்றும் பெரியவர்களைக் கேளுங்கள், முன்னும் பின்னும் பார்த்து ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். எடையின் மையம் எங்கே இருக்க வேண்டும் என்ற பாடம் புத்தகத்தில் ஒரு பக்கம்தான். விமானம் இரண்டு முறை விழுந்தால் ஆயுளுக்கும் மறக்காது. எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு கல்லூரி மாணவர்களுக்கு விமான வடிவமைப்புப் போட்டி நடத்துகிறது. உங்கள் கல்லூரியில் அணி இருந்தால் சேருங்கள். இல்லையா? ஐந்து பேராகச் சேர்ந்து நீங்களே தொடங்குங்கள்.

மூன்றாம் ஆண்டு: எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. காற்றியக்கம், கட்டமைப்பு, உந்துவிசை, கட்டுப்பாடு என்ற நான்கு பெரும் கிளைகளில் ஒன்றைப் பிடித்து ஆழமாகப் போங்கள். காற்றியக்கத்துக்கு ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டமைப்புக்கு அன்சிஸ், வரைவதற்கு கேட்டியா என்று நிறுவனங்களில் பயன்படுத்துகிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் கட்டியது அதற்குத்தானே!

விடுமுறையில் பயிற்சிக்குப் போங்கள். பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகமும் ஹெச்.ஏ.எல். நிறுவனமும் இருக்கின்றன. பெரிய இடம் கிடைக்காவிட்டால் கோவையிலோ ஓசூரிலோ உதிரிபாகம் கடையும் பட்டறைக்குப் போங்கள். ஒரு மாதம் லேத் முன் நின்றவனுக்கு, தான் வரைந்ததைச் செய்ய முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும்.

நான்காம் ஆண்டு: கேட் தேர்வு. ஏரோஸ்பேஸ் பிரிவுக்குத் தனித் தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். 2021 முதல் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி.யிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.டெக். சேர இதுவே பிரதான வாசல். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தன் விஞ்ஞானிகளைத் தேர்வு செய்யவும் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறது.

அடுத்தது பிராஜெக்ட். சிறியதாக இருக்கட்டும், தோற்றதாகக்கூட இருக்கட்டும், உங்களுடையதாக இருக்கட்டும்! "இதைச் செய்தேன், இங்கே தவறியது, இப்படிச் சரி செய்தேன்" என்று சொல்கிற மாணவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஆள் எடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவர் என்னிடம் சொன்னார்.

"நமக்குத் தரமாட்டார்கள்" என்பவர்களுக்கு

"நம் பெயரைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவார்கள், எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அநீதி எங்குமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அநீதியைத் தட்டிக் கேட்பது நம் கடமை. ஆனால் என் மருமகனை யாரும் அவன் பெயருக்காக ஒதுக்கவில்லை. அவனிடம் இறக்கையைப் பற்றிக் கேட்டார்கள், அவனுக்குத் தெரியவில்லை. தயாராகாமல் தோற்றதையும் அநீதி என்ற கணக்கில் எழுதினால், உண்மையான அநீதியைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

கலாம் அவர்களும் முதல் முயற்சியிலேயே வென்றுவிடவில்லை. விமானப் படை நேர்முகத் தேர்வில் எட்டு இடங்கள், அவர் ஒன்பதாவதாக வந்தார். கனவு கை நழுவியது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்துவிடவில்லை. 1958இல் பாதுகாப்புத் துறையின் வேறொரு பணியில் சேர்ந்தார். அங்கிருந்துதான் ராக்கெட்டுக்குப் போனார்.

திப்பு சுல்தானின் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் மீது ஏவியது என்று மேடைதோறும் பேசுகிறோம். அது உண்மைதான். அந்த ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்து, அதைவிட மேலானதைச் செய்தார்கள் என்பதும் உண்மைதான். பெருமை நம்மிடம் தங்கியது, தொழில் அவர்களிடம் போனது. இனியும் அப்படியே இருக்கப் போகிறோமா?

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அரசுப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. அமெரிக்க ராக்கெட் நிறுவனங்களைப் பற்றி இணையத்தில் பார்த்துவிட்டுக் கனவு காண்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், பெரும்பாலும் அங்குள்ள குடிமக்களையும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களையும்தான் எடுக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் 2020இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினைக் கொண்ட ராக்கெட்டை 2024 மே 30 அன்று பறக்கவிட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவர் மொயின் எஸ்.பி.எம். என்ற நம் சகோதரர்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் தென்கரையையே பாருங்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரப்பட்டினம். அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசையைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வருகிறது. ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய லாபம். கணக்குப் பார்க்கத் தெரிந்த வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராக்கெட் நம் வீட்டு வாசலில் கிளம்பும். அதைக் கணக்குப் போட்டு அனுப்புகிறவர்களில் நம் பிள்ளைகள் இருப்பார்களா, அல்லது மாடியில் நின்று படம் மட்டும் எடுப்பார்களா?

வணிகப் பெருமக்களே!

கடைசியாக உங்களிடம் வருகிறேன். கலாம் படித்த எம்.ஐ.டி.யை 1949இல் நிறுவியவர் சி. ராஜம் என்ற தொழிலதிபர். அதற்காகத் தம் மாளிகையை விற்றார்! இன்றைய ஹெச்.ஏ.எல். நிறுவனத்தை 1940இல் பெங்களூரில் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த் என்ற வணிகக் குடும்பத்துக்காரர். வணிகர்கள் முன்வந்ததால்தான் இந்த நாட்டில் விமானத் தொழிலும் அதற்கான படிப்பும் வேரூன்றின.

உங்களிடம் மாளிகையை விற்கச் சொல்லவில்லை. மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, வட்டிக்கு அஞ்சிக் கல்விக் கடன் வாங்காமல் படிப்பையே விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள்! ஒவ்வொரு பருவமும் மதிப்பெண் பட்டியலையும், கையால் செய்த பொருளையும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கைத் திறந்து கொடுங்கள். ஒரு மேசை, ஒரு துளை போடும் இயந்திரம், இரண்டு கணினி போதும். மூன்று, உங்கள் பிள்ளை "வாப்பா, பிராஜெக்ட்டுக்குப் பன்னிரண்டாயிரம் வேண்டும்" என்று கேட்டால், "எதற்கு? பொருள் வாங்கவா, பிராஜெக்ட்டையே வாங்கவா?" என்று திருப்பிக் கேளுங்கள். என் மச்சான் கேட்கவில்லை. இரும்பு வாங்கும்போது எடை போட்டுப் பார்க்கிறவர், மகனின் படிப்பை எடை போட்டுப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வழி சொன்னவன் நான்.

அந்தப் பையன் இப்போது வாப்பாவின் கடையில் நிற்கிறான். கடை அடைத்த பிறகு இரவு பதினொரு மணி வரை முதலாம் ஆண்டுக் கணக்கிலிருந்து மறுபடியும் படிக்கிறான். மாடியில் தெர்மோகோலில் ஒரு விமானம் செய்திருக்கிறான். இதுவரை நான்கு முறை விழுந்திருக்கிறது. அடுத்து வரும் கேட் தேர்வை எழுதப் போகிறான். தேறுவானா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த இறக்கைக்கு அந்த வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று போன வாரம் கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினான்.

இளைஞர்களே! உங்களுக்கு இன்னும் முழுதாக நான்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அவனைப் போல் முடிந்த பிறகு தொடங்காதீர்கள். முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்! வணிகப் பெருமக்களே, கிடங்கின் சாவியோடு வாருங்கள்! இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை இதே மேடையில் என் பேச்சு வேண்டாம். நீங்கள் செய்ததை நீங்களே கொண்டுவந்து காட்டுங்கள்.